கார்டம்மா

நெடுங்கரைப்பட்டி உழவர் உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக வந்த முருகம்மாள், முதல் நாளே நானூறு பிள்ளைகளை அரைமணி நேரம் பட்டினி போட்டாள். வேணுமென்று செய்யவில்லை, பாவம். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு விட வேண்டும். அவளும் ஒரு மணிக்குச் சரியாகத் தன் அறையை விட்டு இறங்கி வேப்பமரத்தடிக்கு வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு முழப் பச்சைத் துணியை எடுத்தாள். தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். ஒரு பிள்ளையும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஓங்கி ஆட்டினாள். ஆனி மாத வெயில் உச்சந்தலையில் இறங்குகிறது. வகுப்புகளில் வாய்ப்பாடு சத்தம் நின்றபாடில்லை.

மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதுதான் அந்தப் பள்ளிக்கூடத்து மணி. அதன் பக்கத்திலேயே பியூன் மொக்கைச்சாமி கையில் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்ணே, பிள்ளைகள விடலையா?" என்று கேட்டாள் முருகம்மாள்.

"நீங்க சொல்லலையேம்மா. பழைய சாரு 'அடி'ன்னு வாயைத் தொறந்து சொன்னாத்தேன் மணி அடிக்கணும்பாரு. நீங்க என்னமோ காக்கா வெரட்டுறீகன்னு நெனச்சு நானும் ரெண்டு கல்லு விட்டேன்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடக் கடவுளே, இந்தப் பிள்ளைகளுக்குக் காது கேட்குமே!

பதிமூன்று வருஷப் பழக்கம், லேசில் போகுமா? திருப்பரங்குன்றத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் வாத்தியாராக இருந்தவள். அங்கே மணி கிடையாது. பச்சைத் துணி ஆடினால் சாப்பாடு, சிவப்புத் துணி ஆடினால் வகுப்பு. பிள்ளைகள் கண்ணைத் துணியிலேயே வைத்திருக்கும். பசி நேரத்தில் துணி கைப்பையை விட்டு வெளியே வருவதற்கு முன்னாடியே தட்டோடு நிற்கும்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க விஷயம் பரவிவிட்டது. திருப்பரங்குன்றம் ஸ்டேஷனில் பச்சைக்கொடி காட்டும் கார்டை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கண்மாய்க்கரையில் மாடு பத்திப் போனவன் எவனோ ஆரம்பித்து வைத்தான். 'கார்டம்மா' என்று பேர் விழுந்தது. அதற்கப்புறம் முருகம்மாள் என்று சொன்னால் அந்த ஊரில் யாருக்கும் தெரியாமலே போனது.

அவள் வீட்டுக்காரன் சுருளி, திருப்பரங்குன்றத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். அன்று அவள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், பஞ்சர் ஒட்டிய கையோடு விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

"இருக்காதா பின்ன? ஏ புள்ள, நானூறு வகுத்தைக் காயப் போட்டுட்டு வந்துருக்க. இம்புட்டையும் கேட்டுட்டுச் சிரிக்காம அழுகச் சொல்றியா?"

பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அழகம்மாள், மாமன் சிரிப்பதைப் பார்த்துவிட்டு என்ன என்று கையால் கேட்டாள். முருகம்மாள் கையாலேயே நடந்ததைச் சொன்னாள். பிள்ளை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

அழகம்மாள் சுருளியின் அக்கா மகள். பதினாலு வயசு. பிறவியிலேயே காது கேட்காது. ஐந்து வயசிலிருந்து மாமன் வீட்டில்தான் வளர்கிறாள். முருகம்மாள் தலைமையாசிரியை ஆனதே இவளால்தான் என்று சொன்னால் பொய்யில்லை.

முருகம்மாள் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. கல்லுப்பட்டியில் தங்கி ஆசிரியர் பயிற்சி முடித்தாள். வேலை தேடியபோது காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் இடம் இருந்தது. மற்றவர்களெல்லாம் "அங்க போயி யாரு கத்திக்கிட்டுக் கெடக்குறது" என்று ஒதுங்கினார்கள். இவள் போனாள். போன இடத்தில் மனசு ஒட்டிக்கொண்டது. மெழுகுவத்தியை ஏற்றிப் பிள்ளையின் வாய்க்கு நேரே பிடித்து 'ப' சொல்லச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் சுடர் ஆடும். தங்கள் தொண்டையில் பிள்ளையின் கையை வைத்து 'ம' சொல்லிக் காட்டுவார்கள். வகுப்பில் பேச்சுப் பாடம் இப்படி என்றால், விடுதியில் பிள்ளைகள் தங்களுக்குள் கையால் பேசிக்கொள்ளும் பாஷை வேறு. அதைப் பிள்ளைகளிடமே உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். தபாலில் பி.ஏ. படித்தாள். பி.எட். முடித்தாள். விடுதிக் காப்பாளராகவும் இருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் அவளை வருஷா வருஷம் அறுத்தது. அந்தப் பள்ளி எட்டாம் வகுப்போடு சரி. எட்டு முடித்த பிள்ளைகள் ஏப்ரல் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆடு மேய்க்கவும் களையெடுக்கவும் போகும்.

அழகம்மாளும் எட்டு முடித்தாள். கணக்கில் சூரப்புலி. முருகம்மாள் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் ஏறி இறங்கினாள். எங்கேயும் இடமில்லை. ஐந்தாவது பள்ளி ஹெட்மாஸ்டர் எரிச்சலோடு கேட்டார்: "நீ ஹெட்மாஸ்டரா இருந்தா சேப்பியாம்மா?"

"சேப்பேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், நெடுங்கரைப்பட்டிப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் தேவை என்ற விளம்பரத்தைத் தேடிப் பிடித்து அன்றைக்கே மனுப் போட்டாள். கோபத்தில் போட்ட மனு. வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் முழுசாகக் கிடைக்கவில்லை, அதுதான் சங்கடம்.

பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் காளை. அறுபது வயசு, எட்டுக் குறுக்கம் நஞ்சை, கக்கத்தில் எப்போதும் குடை. முதல் வாரமே வந்து உட்கார்ந்து முருகம்மாளை நன்றாக ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ நம்ம வயல்ல நாத்து நட்ட ராக்கம்மா மகதான?"

"ஆமாங்கய்யா. நானும் ரெண்டு போகம் நட்டிருக்கேன்."

"ம்" என்றார். அந்த 'நீ', 'நீங்க' ஆவதற்கு இரண்டு மாசம் பிடித்தது. முருகம்மாளும் அவசரப்படவில்லை. வாத்தியார்கள் கூட்டத்தில் தலைமையாசிரியை நாற்காலியில்தான் உட்கார்ந்தாள், அவர் வந்தாலும் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு அதிலேயே உட்கார்ந்தாள்.

அழகம்மாள் விஷயத்தைக் கேட்டதும் காளை குடையைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டினார்.

"பிள்ளையைக் கொண்டாந்து ஒம்பதாவதுல உக்கார வையி, வேணாங்கல. பேரை மட்டும் ரிஜிஸ்டர்ல ஏத்தாத. ஐப்பசியில கல்வி அதிகாரி டி.இ.ஓ. இன்ஸ்பெக்சனுக்கு வருவாரு. அவரு பாத்து என்ன எழுதுறாரோ அதுதேன். சரின்னு எழுதுனா அந்தப் பிள்ளை பேரும் ஏறட்டும், உன் வேலையும் நெரந்தரமாகட்டும். இல்லையின்னா உன் பழைய பள்ளிக்கூடத்துக்கே போயிரு. வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல."

பழைய பள்ளிக்கூடத்துச் செயலாளரும் தீபாவளி வரைக்கும்தான் லீவு கொடுத்திருந்தார். அதற்குள் வருகிறாயா, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாயா என்று சொல்லியாக வேண்டும்.

அழகம்மாள் பேர் இல்லாமலே ஒன்பதாம் வகுப்பில் மூன்றாம் வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வகுப்பு வாத்தியார் சோணை சார் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டை வைத்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். ஒவ்வொருத்தரும் எழுந்து 'உள்ளேன் ஐயா' சொல்வார்கள். அழகம்மாள் எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசிப் பேர் முடிந்ததும் சோணை சார் பதிவேட்டைப் பட்டென்று மூடுவார். இத்தனைக்கும் அந்தப் பிள்ளை ஏப்ரல் மாதத்திலிருந்தே கண்ணாடி முன்னாடி நின்று 'உள்ளேன் ஐயா' சொல்லிப் பழகியிருந்தாள். மெழுகுவத்தி தீர்ந்து போகிற அளவுக்குப் பழகியிருந்தாள். சொல்லத்தான் ஒரு வாய்ப்பு வரவில்லை.

சோணை சார் கெட்டவரில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறவர். பட்டம் வாங்காததால் தலைமையாசிரியர் நாற்காலி கை நழுவிப் போனது, அந்த வருத்தம் இருக்காதா? "ஊமைப் பள்ளிக்கூடம் நடத்துனவங்களுக்கு உயர்நிலைப் பள்ளிக்கூடம் என்ன தெரியும்" என்று ஆசிரியர் அறையில் சொன்னார். முருகம்மாள் காதில் விழவில்லை. ஆனால் அவள் அப்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள், உதடு அசைந்ததைப் படித்துவிட்டாள். அவளிடம் இது ஒரு தொந்தரவு. முப்பது அடி தள்ளி நின்று முணுமுணுத்தாலும் தப்பாது.

ஆனால் சண்டைக்குப் போகவில்லை. வேலையைப் பார்த்தாள். ஒரு நாள் ஒவ்வொரு வகுப்பாகப் போய், பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று ஒரு காகிதத்தைக் கசக்கினாள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பின. மூன்று பிள்ளைகள் திரும்பவில்லை. மூன்றும் கடைசி பெஞ்சு. மூன்றும் சோணை சார் 'மக்கு' என்று ஒதுக்கியவை. காதில் சீழ் வைத்து வருஷக்கணக்காகக் கிடக்கிறது, யாரும் பார்க்கவில்லை. சனிக்கிழமை மூன்றையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு மாசத்தில் அதில் ஒரு பிள்ளை சொல்வதெழுதுதலில் பத்துக்குப் பத்து வாங்கியது. சோணை சார் அந்த நோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சு வரவில்லை.

வேறொரு புகார் வந்தது. கொண்டு வந்தவர் காளை. இப்போது 'நீங்க' வந்துவிட்டது.

"டீச்சர், உங்க பிள்ளை வந்ததுலருந்து பயலுக எல்லாம் கையைக் கையை ஆட்டுறாங்கே. எங்க பேரன் வீட்டுக்கு வந்து தண்ணி கேக்கக்கூட வாயைத் தொறக்க மாட்டேங்குறான். அவுக அம்மா பயந்து போயி மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிட்டா. டி.இ.ஓ. வார நேரத்துல இதெல்லாம் வேணாம். நீங்களும் கையாட்டுறத நிப்பாட்டுங்க, பிள்ளைகளையும் நிப்பாட்டச் சொல்லுங்க."

முருகம்மாள் பச்சைத் துணியை மேசை டிராயரில் போட்டு மூடினாள். பிரேயரில் சொல்லியும் விட்டாள். அவள் நிறுத்தினாள். பிள்ளைகள் நிறுத்துவார்களா? மேசைக்கு மேலே ஆடிய கை மேசைக்குக் கீழே போனது, அவ்வளவுதான்.

சோணை சாருக்கு ஒரே பெருமை. "ஒம்பதாம் வகுப்பு மாதிரி அமைதியான வகுப்பு இந்த ஜில்லாவுலயே கெடையாது. குண்டூசி விழுந்தா கேக்கும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். முருகம்மாள் வராந்தாவில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். அடியாத்தி, சந்தைக்கடை தோற்றது! யார் வீட்டில் கிடாய் வெட்டு, யார் எந்த டாக்கீஸுக்குப் போனார்கள், எல்லாம் விரலில் ஓடிக்கொண்டிருக்கும். சோணை சாருக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். மீசையை முறுக்கிவிட்டு வயிற்றைச் சொறிவது. அவளுக்கும் ஒரு பேர் உண்டு. கொடியாட்டுவது. அதைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. காட்டிக் கொடுக்கவில்லை.

ஐப்பசி வந்தது. போன வருஷம் பொட்டு மழையில்லை. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இந்த வருஷம் முத்தாலம்மன் பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டிய அன்றைக்குச் சாயங்காலமே சமணர் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒரு வாரத்தில் கண்மாய் நிறைந்துவிட்டது. ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மைக்செட் சின்னச்சாமியைக் கூப்பிட்டு நாலு குழாய் கட்டச் சொன்னார்கள். இருக்கிறதிலேயே உயரமான மரம் பள்ளிக்கூடத்து வேப்பமரம். பெரிய குழாய் இரண்டை அதில் கட்டினான் சின்னச்சாமி. மூன்று நாளைக்குப் பாட்டு நிற்காது.

சரியாக அந்த நடு நாளில் வருவதாக டி.இ.ஓ.விடமிருந்து கடிதம் வந்தது.

முருகம்மாள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு காளையிடம் ஓடினாள். "அய்யா, அன்னைக்குக் காலையில மட்டும் ஒரு ரெண்டு மணி நேரம் குழாயை நிப்பாட்டச் சொல்லுங்க."

காளைதான் கோயிலுக்கும் முதல் மரியாதைக்காரர். தலையைச் சொறிந்தார். "தாயி, எனக்கு மட்டும் ஆசையா? மழை இப்பத்தேன் பேஞ்சிருக்கு. சாட்டுப் போட்டுக் கட்டுன குழாயை நான் நிப்பாட்டி, நாளைக்கு மழையும் நின்னுபோச்சுன்னா, இந்த ஊர்ல என்னைய வச்சிருப்பாங்கெளா? நடுறதுக்கு நாத்து கையில நிக்கிது. நீங்களே நட்டவுக, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

டி.இ.ஓ. வருவதற்கு முந்தின ராத்திரி வீட்டில் சுருளி அயிரை மீன் குழம்பு வைத்திருந்தான். புது வெள்ளத்து அயிரை. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"போச்சுங்க. ஒரு கேள்வி கேக்க முடியாது, ஒரு பதில் சொல்ல முடியாது. 'ஒழுங்கில்லாத பள்ளி'ன்னு எழுதிட்டுப் போகப் போறாரு. நான் திரும்பிப் போறதப் பத்தி இல்ல. அங்கயும் என் பிள்ளைகதான். இவ என்ன செய்வா?"

சுருளி அழகம்மாள் தட்டில் குழம்பை ஊற்றினான். "பேசாம சாப்புடு. பதிமூணு வருசமா சத்தமே இல்லாம பள்ளிக்கூடம் நடத்துனவளுக்குச் சத்தத்துல நடத்தத் தெரியாதாக்கும்?"

சமாதானத்துக்குச் சொன்னதுதான். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் டி.இ.ஓ. வந்த ஜீப், கண்மாய்க்கரைச் சகதியில் பதிந்துவிட்டது. முழங்கால் வரைக்கும் சேறோடு நடந்து வந்து சேர்ந்தார். ஒல்லியான மனுஷர், முகத்தில் ஈயாடவில்லை. வேப்பமரத்தில் இரண்டு குழாயும் அலறிக்கொண்டிருந்தன. வரவேற்க நின்ற காளை ஏதோ சொன்னார், டி.இ.ஓ. காதில் கையைக் குவித்தார். சோணை சார் ஏதோ சொன்னார், அதுவும் போனது. டி.இ.ஓ. தனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டார்: "சனியன், காலு கழுவக்கூடத் தண்ணி இல்லையா?"

முருகம்மாள் சட்டென்று திரும்பி மொக்கைச்சாமியிடம் கையைக் காட்ட, அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். டி.இ.ஓ. திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். காலைக் கழுவிக்கொண்டே மறுபடியும் முணுமுணுத்தார்: "என்ன எழவு சத்தம்டா இது." அவள் ஒரு சிலேட்டில் எழுதி நீட்டினாள்: 'முத்தாலம்மன் பொங்கல். நாளைக்கு முடிந்துவிடும் ஐயா.' மனுஷருக்கு வேர்த்துவிட்டது. அதற்கப்புறம் அங்கே இருந்த நேரமெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் முணுமுணுத்தார்.

பிரேயருக்கு மணி. மொக்கைச்சாமி சுத்தியலை ஓங்கி ஓங்கி அடித்தார். பாட்டுச் சத்தத்தில் தண்டவாளம் அடிபட்டது அவருக்கே கேட்கவில்லை. வகுப்பிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. டி.இ.ஓ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காளை குடையைப் பார்த்தார். சோணை சார் வராந்தாவில் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி, தொண்டை கிழியக் கத்தினார். ஆனது ஆகட்டும் என்று முருகம்மாள் அறைக்குள் போய் டிராயரைத் திறந்தாள்.

வேப்பமரத்தடியில் நின்று பச்சைத் துணியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். ஒரே ஒரு தடவைதான் ஆட்டினாள்.

அம்புட்டுப் பிள்ளைகளும் எழுந்து வந்தன! ஒன்பதாம் வகுப்பு முன்னாடி வர, பின்னாலேயே ஆறு, ஏழு, எட்டு, பத்து. நானூறு பிள்ளைகளும் வந்து வரிசையாக நின்று கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தன. இத்தனை மாசமும் இடைவேளையில் அழகம்மாளை நடுவில் வைத்து இந்தப் பிள்ளைகள் கொடியாட்டினால் ஓடி வந்து வரிசையில் நிற்கிற கார்டு விளையாட்டு விளையாடியிருக்கின்றன. முருகம்மாளுக்கே அது தெரியாது. அவள் கையைத் தாழ்த்தினாள், உட்கார்ந்தன. உயர்த்தினாள், எழுந்தன.

ஒன்பதாம் வகுப்பில்தான் வினை இருந்தது.

டி.இ.ஓ. கேள்வியை வாயால் கேட்டுப் பயனில்லை என்று கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். தொட்டியில் தண்ணீர் நிறைகிற கணக்கு. கடைசி பெஞ்சுப் பயல் ஒருத்தனைக் கை காட்டினார். அவன் வந்து சரியாக எழுதினான். இன்னொன்று எழுதினார். ஒரு பெண்பிள்ளை வந்து சரியாக எழுதியது. மூன்றாவது கணக்கு கொஞ்சம் கஷ்டமானது, வட்டி கலந்தது. அதற்கும் சரியான விடை. டி.இ.ஓ. முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. சோணை சாரின் தோளைத் தட்டினார். சோணை சாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

முருகம்மாள் மட்டும் வாசலில் நின்றபடி உறைந்து போனாள். அவளுக்குத்தான் தெரிந்தது. விடைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டன. மூன்றாம் வரிசை, ஜன்னலோரம். அழகம்மாள் கை முந்தானை மறைவில் விரலை மடக்கி நீட்டுகிறது. அடுத்த பிள்ளை வாங்கி அதற்கடுத்த பிள்ளைக்குக் கொடுக்கிறது. பலகைக்குப் போகிறவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறான். பச்சைக் காப்பி!

பேசாமல் இருந்தால் போதும். டி.இ.ஓ. பிரமாதமாக எழுதுவார். வேலை நிரந்தரமாகிவிடும். ஆனால் அதை எப்படி வாங்கிக்கொள்வது? இத்தனை பேரும் அழகம்மாளைக் கணக்குப் போடும் மெஷினாக வைத்துக்கொண்டு, அவள் பேர் மட்டும் எங்கேயும் இல்லாமல் இருப்பதா? காளை முகத்தைப் பார்த்தாள், அவர் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். விடுவிடுவென்று பலகைக்குப் போய்ச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள்.

'ஐயா, இந்த மூன்று விடையும் ஒரே பிள்ளை கையால் சொல்லிக் கொடுத்தது. அவளுக்குக் காது கேட்காது. பேர் அழகம்மாள். பதிவேட்டில் பேர் இல்லை. காப்பியடித்தது தப்பு. கணக்குப் போட்டது அவள்.'

வகுப்பு முழுக்கப் படித்தது. பிள்ளைகள் முகம் செத்துப்போனது. டி.இ.ஓ. சோணை சாரிடம் திரும்பி, பலகையில் எழுதிக் கேட்டார்: 'எத்தனை நாளாக?'

சோணை சார் கீழே எழுதினார்: 'இன்றுதான் சார் எனக்கே தெரியும்.' அவருடைய குண்டூசி விழுந்தால் கேட்கும் வகுப்பு, பாவம், அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது.

டி.இ.ஓ. எல்லாப் பிள்ளைகளையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அழகம்மாளை மட்டும் பலகைக்குக் கூப்பிட்டார். இரண்டு கணக்கு எழுதினார். முதல் கணக்கைப் போட்டாள். இரண்டாவதில் பாதியில் ஒரு தப்பு விட்டாள். பிள்ளை நின்று பார்த்தது. உள்ளங்கையால் அழித்தது. திரும்பப் போட்டது. சரி.

இத்தனைக்கும் வெளியே நாதஸ்வர ரெக்கார்டு ஜன்னல் கம்பியே அதிர்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. டி.இ.ஓ. நெற்றியைப் பிடித்துக்கொண்டு பலகையில் எழுதினார்: 'இந்தச் சத்தத்தில் எப்படிக் கணக்குப் போட்டாய்?'

அழகம்மாள் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கீழே எழுதினாள்:

'என்ன சத்தம்?'

டி.இ.ஓ. அந்த இரண்டு வார்த்தையையும் படித்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், சேறு காய்ந்த கால்சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுவரைப் பார்த்து நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிச் சிரித்தன. காளை சிரித்தார். எதற்கு என்று தெரியாமல் அழகம்மாளும் சிரித்தாள்.

பார்வைப் பதிவேட்டில் டி.இ.ஓ. எழுதியதை, அவர் போனதும் காளை முருகம்மாளைக் கண்மாய் மடைப் பக்கம், சத்தம் கொஞ்சம் குறைவான இடத்துக்குக் கூட்டிப்போய், வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'பள்ளி ஒழுங்கு மிக நன்று. அழகம்மாள் என்ற மாணவியை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். தலைமையாசிரியையின் நியமனத்தை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் காப்பியடிக்கும் பழக்கம் உள்ளது. கண்டிக்கவும்.'

"கண்டிச்சிருவோம்" என்றார் காளை. மடியிலிருந்து வாழை இலையில் சுற்றிய மாவிளக்கை எடுத்து நீட்டினார். "வாங்கிக்கங்க, முதல் மரியாதை மாவு. எம் பேரனுக்கு மந்திரிச்சதுதேன் வீணாப்போச்சு."

அன்று வீட்டில் சுருளி சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று பத்துத் தடவை சொன்னான். முருகம்மாள் பழைய பள்ளிக்கூடத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினாள். எழுதும்போது அழுகை வந்தது. அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'அடுத்த ஏப்ரலில் எட்டு முடிக்கும் பிள்ளைகளை எங்கேயும் அனுப்ப வேண்டாம். நெடுங்கரைப்பட்டிக்கு அனுப்புங்கள்.'

திங்கட்கிழமை காலை. பொங்கல் முடிந்து குழாயெல்லாம் இறக்கியாகிவிட்டது. சோணை சார் தலைமையாசிரியை அறை வாசலில் வந்து நின்று செருமினார்.

"மேடம், அந்தப் பிள்ளை பேரை ஏத்திட்டேன். வாயால கூப்புட்டா அதுக்குக் கேக்காதே. எப்பிடிக் கூப்புடுறது?"

"அதுக்குப் பிள்ளைக ஒரு பேரு வச்சிருக்காங்க சார். அது சிரிச்சா கன்னத்துல குழி விழும்ல? ஆள்காட்டி விரலைக் கன்னத்துல வச்சு ஒரு திருகு. அம்புட்டுத்தான்."

"எனக்கும் ஏதாச்சும் பேரு வச்சிருக்காங்கெளா?"

"தெரியலையே சார்" என்று சொல்லிவிட்டு முருகம்மாள் குனிந்து ஃபைலைத் தேடினாள்.

அவர் வகுப்புக்குப் போனதும் அவள் மெதுவாக எழுந்து வேப்பமரத்தடிக்கு வந்து நின்றாள். அங்கிருந்து ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் தெரியும். சோணை சார் பதிவேட்டை விரித்தார். ஒவ்வொரு பேராக வாசித்துக்கொண்டு வந்தார். கடைசிப் பேருக்குக் கீழே புது மையில் எழுதிய பேரில் வந்து நின்றார். தலையைத் தூக்கி மூன்றாம் வரிசையைப் பார்த்தார். சுண்ணாம்புத் தூள் படிந்த விரலைக் கன்னத்தில் வைத்துத் திருகினார். கன்னத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது.

அழகம்மாள் எழுந்து நின்றாள். தாவணியைச் சரிசெய்துகொண்டாள். வாயைத் திறந்து, ஏழு மாசமாக வைத்திருந்த குரலை எடுத்து, வகுப்பே அதிரச் சொன்னாள்:

"உள்ளேன் அய்யா!"

கொஞ்சம் கரகரப்பாகத்தான் வந்தது. 'ள்' சரியாக விழவில்லை. ஆனால் கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டது.

முருகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மொக்கைச்சாமி சுத்தியலோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, முதப் பீரியடு. மணி அடிக்கவா?"

அவளால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கைப்பையிலிருந்து துணியை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினாள். மொக்கைச்சாமி அண்ணாந்து மரத்தில் காக்கா இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஓங்கி அடித்தார்.